வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக்குவது எப்படி? இரண்டு மாறிக் கணக்குகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டு சமன்பாடுகளை எழுதிக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். அதே சமன்பாடுகளை டீக்கடைக் கணக்காக, அம்மா வயதுக் கணக்காகக் கொடுத்தால் பேனா நின்றுவிடும். மாலை டியூஷனில் பல வருடமாக நான் பார்ப்பது இதுதான். ‘வேர்டு ப்ராப்ளம் வராது சார்’ என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அல்ஜீப்ரா நன்றாகவே வரும். அவர்கள் தடுக்கி விழும் இடம் அல்ஜீப்ராவுக்கு முன்னால் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் தீர்ப்பதைப் பற்றிக் கொஞ்சமும், வாக்கியத்தைச் சமன்பாடாக்குவதைப் பற்றி நிறையவும் இருக்கும். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். இதில் வரிசைதான் பாதி வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மாறி உள்ள சமன்பாட்டைத் தடுமாறாமல் தீர்க்கத் தெரிய வேண்டும். அடைப்புக்குறியை விரிக்கத் தெரிய வேண்டும்: 8(ப − 4) என்றால் 8ப − 32, 8ப − 4 இல்லை. பின்னம் வந்தால் இரண்டு பக்கமும் பெருக்கி அதை ஒழிக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஆட்டம் கண்டால் இரண்டு நாள் அதை மட்டும் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் பிழை எங்கே நடந்தது என்றே தெரியாது.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் எக்ஸ், ஒய் இருக்கும். பிள்ளைகள் கையெழுத்தில் எக்ஸ் பெருக்கல் குறி மாதிரியும், ஒய் நான்கு மாதிரியும் ஆகிவிடுகிறது. அதனால் பழகும் காலத்தில் நான் க, ப என்ற இரண்டு எழுத்துகளையே போடச் சொல்கிறேன். பரீட்சைத் தாளில் எக்ஸ், ஒய்க்கு மாறிக்கொள்ளலாம். இங்கேயும் க, ப-தான்.

2. கடைசி வரியை முதலில் படியுங்கள்

கணக்கு எதைக் கேட்கிறது என்பது கடைசி வரியில் இருக்கும். ‘ஒரு டீயின் விலை என்ன, ஒரு வடையின் விலை என்ன?’ அந்தக் கேள்விதான் உங்கள் மாறிகளைச் சொல்கிறது. முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே சமன்பாடு எழுத ஆரம்பித்தால், பாதி வழியில் ஐந்து எழுத்துகள் முளைத்திருக்கும்.

முதல் முறை படிக்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டாம் முறை, எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் எழுத வேண்டும். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சில கணக்குகளில் கேட்கும் விஷயம் வேறு, மாறியாக வைக்க வேண்டிய விஷயம் வேறு. ‘அந்த இரண்டு இலக்க எண் என்ன?’ என்று கேட்பார்கள். மாறியாக வைக்க வேண்டியது இலக்கங்களை. அப்படி இருந்தால் கடைசி வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். க, ப கிடைத்ததும் முடிந்தது என்று எழுந்து போகாமல் இருக்க அது உதவும்.

3. எழுத்து எதைக் குறிக்கிறது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 3 டீ, 2 வடைக்கு 65 ரூபாய். 2 டீ, 4 வடைக்கு 70 ரூபாய். ஒரு டீ என்ன விலை, ஒரு வடை என்ன விலை?

ஒரு பெண் நோட்டில் ‘க = டீ’ என்று எழுதியிருந்தாள். 

“க-ன்னா என்னம்மா?”

“டீ சார்.”

“டீயா, டீயோட விலையா, எத்தனை டீங்கிறதா?”

அவள் யோசித்தாள். பதில் வரவில்லை. ‘3க’ என்பதை அவள் ‘மூன்று டீ’ என்று படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கில் அது தற்செயலாகச் சரியான சமன்பாட்டைக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. அடுத்த கணக்கிலேயே கவிழ்க்கும்.

எழுத்து எப்போதும் ஓர் எண்ணைத்தான் குறிக்கும். டீ எண் இல்லை. டீயின் விலை எண். எனவே இப்படி எழுதுங்கள்:

ஒரு டீயின் விலை = க ரூபாய்
ஒரு வடையின் விலை = ப ரூபாய்

‘ஒரு’, ‘விலை’, ‘ரூபாய்’ மூன்றும் இருக்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் டீக்கு ‘ட’, வடைக்கு ‘வ’ என்று முதல் எழுத்தை வைக்க வேண்டாம் என்கிறேன். 3ட என்பதை எந்தப் பிள்ளையும் ‘3 டீ’ என்றுதான் படிக்கும்.

இனி சமன்பாடு தானாக வரும்: 3க + 2ப = 65, 2க + 4ப = 70. இரண்டாவதை 2-ஆல் வகுத்தால் க + 2ப = 35. முதலாவதிலிருந்து இதைக் கழித்தால் 2க = 30. டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய்.

4. வாக்கியத்தை உடைக்கும்போது உருபைப் பிடியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். டீக்கடைக் கணக்கில் எண்கள் வந்த வரிசையிலேயே சமன்பாடும் வந்தது. எல்லாக் கணக்கும் அப்படி இருக்காது. தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. எது எங்கே போக வேண்டும் என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடும். வரிசையை நம்பிச் சமன்பாடு எழுதுகிறவர்கள் விழுவதும், உருபைப் பார்த்து எழுதுகிறவர்கள் தப்புவதும் இதனால்தான்.

கழித்தலில் தொடங்குவோம்.

‘10-லிருந்து க-வைக் கழிக்க’ → 10 − க
‘10-ஐக் க-விலிருந்து கழிக்க’ → க − 10

இரண்டிலும் 10 முன்னால் வருகிறது. ஆனால் ‘இருந்து’ எதில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் சமன்பாட்டில் முதலில் நிற்கும். ‘ஐ’ ஒட்டியது கழித்தல் குறிக்குப் பின்னால் போகும். இலக்கண வகுப்பில் இரண்டாம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்தது கணக்கு வகுப்பில் பயன்படுவது இங்கேதான்.

அடுத்தது ‘விட’.

‘க, ப-வை விட 5 அதிகம்’ → க = ப + 5
‘க, ப-வை விட 5 குறைவு’ → க = ப − 5

‘விட’ ஒட்டிய எழுத்தோடுதான் 5 சேரும். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் க-வோடு 5-ஐக் கூட்டி க + 5 = ப என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் க-வை இன்னும் பெரிதாக்கினால் ப-வுக்கு எப்படிச் சமமாகும்?

‘விட’ ஒரு தனி எழுத்தில் ஒட்டாமல் ஒரு தொடரில் ஒட்டலாம். ‘க, ப-வின் இருமடங்கை விட 10 குறைவு’ என்றால் ‘விட’ ஒட்டியிருப்பது இருமடங்கின் மேல். முதலில் இருமடங்கு, பிறகு குறைப்பு: க = 2ப − 10. அதுவே ‘ப-வை விட 10 குறைவான எண்ணின் இருமடங்கு’ என்றால் குறைப்பு முதலில்: 2(ப − 10). ஒட்டியிருக்கும் இடம் நகர்ந்ததும் அடைப்புக்குறி முளைத்துவிட்டது, பாருங்கள்.

கடைசியாக மடங்கு. ‘க, ப-வைப் போல் 3 மடங்கு’ → க = 3ப. ‘போல்’ ஒட்டியது பெருக்கப்படும். கேட்டால் எல்லாரும் சரி என்பார்கள். எழுதச் சொன்னால் 3க = ப என்று வரும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 1981-ல் கிளெமென்ட், லாக்ஹெட், மங்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு வரியை அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள்: பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள், சமன்பாடாக எழுதுக. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை திருப்பிப் போட்டவை: மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கிப் பேராசிரியர் எண்ணிக்கைக்குச் சமம் என்றார்கள்.

இதற்கு ஒரே மருந்து, எழுதி முடித்ததும் ஒரு சிறிய எண்ணைப் போட்டுப் பார்ப்பது. பேராசிரியர் 10 என்றால் மாணவர் 60. எதை ஆறால் பெருக்கினால் எது வரும்? 10-ஐப் பெருக்கினால் 60. பெருக்கல் சுமை எப்போதும் சின்னப் பக்கத்துக்குத்தான். பெரியதன் தலையில் இன்னும் சுமையை ஏற்றியிருந்தால் திருப்பிப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இன்னும் இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். ‘வித்தியாசம் 12’ என்று மட்டும் இருந்தால் எது பெரியது என்று கணக்கு சொல்லவில்லை; ‘பெரிய எண் = க’ என்று மூன்றாம் படியிலேயே எழுதிவிட்டு க − ப = 12 என்று போடுங்கள். ‘மூன்று மடங்கு அதிகம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 3ப-வா, ப-வோடு இன்னும் 3ப சேர்ந்து 4ப-வா என்று சண்டையே போடலாம். நானாக இருந்தால் அப்படி எழுதவே மாட்டேன். உங்கள் கையில் அப்படிக் கிடைத்தால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேட்க ஆளில்லை என்றால் ‘மூன்று மடங்கு’ என்று எடுத்துக்கொண்டதை விடையிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

5. காலமோ கலவையோ வந்தால் கட்டம் போடுங்கள்

வயதுக் கணக்கைக் கட்டம் இல்லாமல் செய்யாதீர்கள். நானே செய்வதில்லை.

கணக்கு: 4 ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் வயது மகனின் வயதைப் போல் 8 மடங்கு. இன்னும் 6 ஆண்டுகள் கழித்து 3 மடங்கு. இப்போது இருவரின் வயது என்ன?

கேட்பது இப்போதைய வயது. அம்மாவின் இப்போதைய வயது க, மகனின் இப்போதைய வயது ப.

4 ஆண்டுகளுக்கு முன்: அம்மா க − 4, மகன் ப − 4
இப்போது: அம்மா க, மகன் ப
6 ஆண்டுகள் கழித்து: அம்மா க + 6, மகன் ப + 6

கட்டத்தை நிரப்பிய பிறகுதான் ‘மடங்கு’ என்ற சொல்லைத் தொட வேண்டும். முதல் வரியிலிருந்து க − 4 = 8(ப − 4). மூன்றாம் வரியிலிருந்து க + 6 = 3(ப + 6). ஒவ்வொரு சமன்பாடும் கட்டத்தின் ஒரே வரிக்குள் நிற்கிறது. ஒரு வரியிலிருந்து அம்மாவையும் இன்னொரு வரியிலிருந்து மகனையும் எடுக்கவே கூடாது.

விரித்தால் க = 8ப − 28, க = 3ப + 12. ஆக 5ப = 40. மகன் 8, அம்மா 36.

கலவைக் கணக்குக்கும் கட்டம்தான். கிலோ 48 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்து கிலோ 51 ரூபாய் அடக்கம் வரும்படி 40 கிலோ வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ?

மலிவு அரிசி: க கிலோ, தொகை 48க
விலை கூடிய அரிசி: ப கிலோ, தொகை 60ப
கலவை: 40 கிலோ, தொகை 40 × 51 = 2040

எடையைக் கூட்டினால் ஒரு சமன்பாடு: க + ப = 40. தொகையைக் கூட்டினால் இன்னொன்று: 48க + 60ப = 2040, 12-ஆல் வகுத்தால் 4க + 5ப = 170. முதலாவதை 4-ஆல் பெருக்கிக் கழித்தால் ப = 10, க = 30. 

கட்டம் இல்லாமல் செய்கிறவர்கள் 48க + 60ப = 51 என்று எழுதுவார்கள். 40 கிலோ அரிசிக்கும் சேர்த்து 51 ரூபாயா?

6. தீர்க்கும் முன் சமன்பாட்டை ஒரு முறை விசாரியுங்கள்

இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: ஒவ்வோர் உறுப்பும் ஒரே அலகில் இருக்கிறதா? 100 ரூபாய், 500 ரூபாய் நோட்டுகள் மொத்தம் 30. தொகை 7000 ரூபாய் என்று ஒரு கணக்கு. க + ப = 30 என்பது நோட்டுகளின் எண்ணிக்கை பேசும் சமன்பாடு. 100க + 500ப = 7000 என்பது ரூபாய் பேசும் சமன்பாடு. க + ப = 7000 என்று எழுதினால் இடப்பக்கம் நோட்டு, வலப்பக்கம் ரூபாய்; இரண்டுக்கும் நடுவில் சமக்குறி நிற்க முடியாது. சமன்பாட்டுக்குப் பக்கத்தில் சிறியதாக ‘எண்ணிக்கை’, ‘ரூபாய்’ என்று எழுதி வைத்தால் இந்தப் பிழை வராது. விடை: 100 ரூபாய் நோட்டு 20, 500 ரூபாய் நோட்டு 10.

இரண்டாம் கேள்வி: இரண்டு சமன்பாடும் இரண்டு வேறு செய்திகளா? 2 நோட்டுப் புத்தகம், 3 பேனா 90 ரூபாய். 4 நோட்டுப் புத்தகம், 6 பேனா 180 ரூபாய். இரண்டாவது வரி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதல் வரியையே இரட்டிப்பாக்கியிருக்கிறது. எண்ணற்ற தீர்வுகள் வரும். அதே 4, 6-க்கு 170 ரூபாய் என்று இருந்தால் இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று மோதுகிறது; தீர்வே இல்லை. (கடையில் இது சாதாரணம். நிறைய வாங்கினால் தள்ளுபடி தருவார்கள். சமன்பாட்டுக்குத் தள்ளுபடி தெரியாது.)

தீர்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மாறியும் ஒன்றாக மறைந்துபோனால் பயப்படாதீர்கள். 0 = 0 என்று வந்தால் எண்ணற்ற தீர்வு, 0 = 10 என்கிற மாதிரி வந்தால் தீர்வு இல்லை. ஆனால் பாடப்புத்தகக் கணக்கில் இப்படி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது என் சமன்பாட்டைத்தான். ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதி, இரண்டு சமன்பாடு கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்போம்.

7. தீர்த்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். க = என்று ஏற்கெனவே தனியாக நின்றால், அல்லது ஏதாவது ஒரு கெழு (மாறியைப் பெருக்கும் எண்) 1 ஆக இருந்தால் பிரதியிடல் முறை: ஒரு மாறிக்குக் கிடைத்ததை மற்றச் சமன்பாட்டில் போடுவது. மற்ற எல்லாவற்றுக்கும் நீக்கல் முறை: ஒரு மாறியின் கெழுக்களைச் சமமாக்கி, சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ அந்த மாறியை ஒழிப்பது. குறுக்குப் பெருக்கல் முறையைப் பரீட்சையில் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் போடுங்கள். குறி மாறுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வரைபட முறை புரிந்துகொள்ள நல்லது, பின்ன விடை வரும் கணக்கில் கண்ணை நம்ப வேண்டியிருக்கும்.

நீக்கல் முறையில் பிழை ஒரே இடத்தில்தான் குவிகிறது: கழிக்கும்போது முதல் உறுப்பின் குறியை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது. கழிக்காதீர்கள். கீழ்ச் சமன்பாட்டை முழுவதும் −1-ஆல் பெருக்கித் தனி வரியாக எழுதி, பிறகு கூட்டுங்கள். ஒரு வரி கூடுதல். பிழை பாதியாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கெழுக்கள் இடம் மாறி வந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 23க + 27ப = 96, 27க + 23ப = 104. கூட்டினால் 50-ஆல் வகுபடும்: க + ப = 4. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 4-ஆல் வகுபடும்: க − ப = 2. க = 3, ப = 1.

8. சரிபார்ப்பைக் கதையில் செய்யுங்கள்

விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சமன்பாடே தவறாக இருந்தால்?

அதே அம்மா, மகன் கணக்கில் ஒரு பையன் முதல் சமன்பாட்டை க − 4 = 8ப என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு மட்டும் 4 குறைத்தான், மகனுக்குக் குறைக்கவில்லை. இரண்டாவது சரியாக இருந்தது. தீர்த்தான்: ப = 1.6, க = 16.8. தன் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தான். 16.8 − 4 = 12.8, 8 × 1.6 = 12.8. சரி. 22.8-உம் 3 × 7.6-உம் சமம். அதுவும் சரி. பெரிய டிக் போட்டு நோட்டை நீட்டினான்.

“4 வருஷத்துக்கு முன்னாடி மகனுக்கு எத்தனை வயசுடா?” என்றேன். 

விரலை விட்டு எண்ணியவன், “பிறக்கவே இல்ல சார்” என்று சிரித்துவிட்டான்.

பிறகு எங்கே பிழை என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விடையை எடுத்துக்கொண்டு கணக்கின் முதல் வரிக்குப் போங்கள். வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, எண்ணைப் பொருத்துங்கள். 4 ஆண்டுகளுக்கு முன் அம்மா 32, மகன் 4, எட்டு மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து அம்மா 42, மகன் 14, மூன்று மடங்கு. முடிந்தது.

அதோடு அளவும் பாருங்கள். நோட்டுகளின் எண்ணிக்கை பின்னமாக வரக் கூடாது. நீளம் எதிர்மத்தில் வரக் கூடாது. இலக்கம் 0 முதல் 9-க்குள் இருக்க வேண்டும்.

9. தனியாகக் கவனிக்க வேண்டிய மூன்று வகைகள்

இரண்டு இலக்க எண். பத்தாம் இட இலக்கம் க, ஒன்றாம் இட இலக்கம் ப என்றால் எண் 10க + ப. கப என்று எழுதினால் அது க × ப. இலக்கங்களின் கூடுதல் 11, திருப்பிப் போட்டால் 27 அதிகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். க + ப = 11; 10ப + க = 10க + ப + 27. இரண்டாவதைச் சுருக்கினால் 9ப − 9க = 27, அதாவது ப − க = 3. ப = 7, க = 4; எண் 47. (இரண்டாம் படியில் போட்ட நட்சத்திரம் இதற்குத்தான்.) திருப்பிப் போட்ட எண்ணுக்கும் அசல் எண்ணுக்கும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். உங்கள் நோட்டில் 25 என்று இருந்தால் கணக்கைத் தவறாகக் காப்பி அடித்திருக்கிறீர்கள்.

படகு. நிலையான நீரில் படகின் வேகம் க, நீரோட்டத்தின் வேகம் ப. ஓட்டத்தின் திசையில் க + ப, எதிர்த்திசையில் க − ப. 24 கி.மீ. தூரத்தை ஓட்டத்தோடு 2 மணி நேரத்திலும் எதிர்த்து 3 மணி நேரத்திலும் கடந்தால் க + ப = 12, க − ப = 8. படகு மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் 2 கி.மீ. இதில் தவறுவது நேரத்தையே வேகம் என்று எடுத்து எழுதுகிறவர்கள் மட்டும்தான். 24-ஐ முதலில் நேரத்தால் வகுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஆள், நாள் கணக்குதான் உண்மையில் கடினம். 2 கொத்தனாரும் 3 சித்தாளும் ஒரு வேலையை 6 நாளில் முடிக்கிறார்கள். 4 கொத்தனாரும் 3 சித்தாளும் அதையே 4 நாளில் முடிக்கிறார்கள். தனியாகச் செய்தால் ஒரு கொத்தனாருக்கு எத்தனை நாள், ஒரு சித்தாளுக்கு எத்தனை நாள்?

புதிதாகச் செய்கிறவர்கள் தனியாகச் செய்யும் நாளை க, ப என்று வைத்து 2க + 3ப = 6, 4க + 3ப = 4 என்று எழுதுவார்கள். கழித்தால் 2க = −2. கொத்தனார் −1 நாளில், அதாவது வேலை சொல்வதற்கு முதல் நாளே முடித்துவிட்டார்! 

நாளைக் கூட்ட முடியாது என்பதுதான் காரணம். இரண்டு பேர் சேர்ந்தால் நாள் குறையும். கூட்டக்கூடியது, ஒரு நாளில் அவரவர் முடிக்கும் வேலையின் பங்கு. எனவே மாறியை மாற்றுங்கள்:

ஒரு கொத்தனார் ஒரு நாளில் முடிக்கும் பங்கு = க
ஒரு சித்தாள் ஒரு நாளில் முடிக்கும் பங்கு = ப

6 நாளில் வேலை முடிந்தால் ஒரு நாளில் முடிந்தது 1/6. ஆக 2க + 3ப = 1/6, 4க + 3ப = 1/4. கழித்தால் 2க = 1/4 − 1/6 = 1/12; க = 1/24. அதைப் போட்டால் 3ப = 1/6 − 1/12 = 1/12; ப = 1/36. 

இங்கேயே நிறுத்திவிட்டு 1/24 என்று விடை எழுதுகிறவர்கள் ஏராளம். அது பங்கு. கேட்டது நாள். தலைகீழாக்க வேண்டும்: கொத்தனாருக்கு 24 நாள், சித்தாளுக்கு 36 நாள். குழாய், தொட்டிக் கணக்குகளும் இதே வழிதான். ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பங்கை மாறியாக வையுங்கள்.

10. எப்படிப் பழகுவது

ஒரு வாரத்துக்குச் சமன்பாட்டைத் தீர்க்காதீர்கள். தினமும் ஐந்து கணக்கு எடுத்து, ‘க என்பது…, ப என்பது…’ என்ற இரண்டு வரியும் இரண்டு சமன்பாடும் மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தீர்க்கும் வேலை நேரத்தைத் தின்றுவிடுவதால்தான் எழுதும் பழக்கம் வருவதே இல்லை. இரண்டாம் வாரம் முழுதாகச் செய்யலாம்.

தொடங்குவதற்கு நான்கு:

அ. ஒரு வாடகை ஆட்டோவுக்கு ஒரு நிலையான கட்டணமும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றும் கணக்கு. 10 கி.மீ. போனால் 175 ரூபாய், 15 கி.மீ. போனால் 250 ரூபாய். நிலையான கட்டணம் எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு?

ஆ. ஒரு செவ்வக மனையின் நீளம் அகலத்தின் இருமடங்கை விட 10 அடி குறைவு. சுற்றளவு 160 அடி. நீளம், அகலம் என்ன?

இ. 40 கேள்விகள் உள்ள தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிய ஒருவர் 110 எடுத்தார். எத்தனை சரி?

ஈ. ஒரு பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டிலிருந்தும் 1-ஐக் கழித்தால் 1/2. இரண்டோடும் 3-ஐக் கூட்டினால் 2/3. பின்னம் எது?

விடைகள்: அ. 25 ரூபாய், கிலோமீட்டருக்கு 15 ரூபாய். ஆ. நீளம் 50 அடி, அகலம் 30 அடி. இ. 30 சரி, 10 தவறு. ஈ. 5/9. 

விடை மாறி வந்தால் தீர்த்த வரிகளை விட்டுவிடுங்கள். நேராக ‘க என்பது…’ என்று எழுதிய வரிக்குப் போய் அங்கிருந்து பாருங்கள்.